பழிவாங்க வந்த பேய் ஏமாற்றிவிட்டதா? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் அண்மையில் ஒரு பேய் நாவலைப் பேச எடுத்தோம். கதை நடப்பது திருகோணமலையில் என்று பின்னட்டையிலேயே போட்டிருந்தார்கள். அதனால் வழக்கமாகப் பேய்க்கதைப் பக்கம் போகாதவர்கள்கூட ஆசையாய் வாங்கினார்கள். கூட்டத்துக்கு வந்தபோது பெரும்பாலானவர்களின் முகத்தில் களை இல்லை. அன்று நான் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். அதற்குப் பிறகு சந்தையிலும் பஸ்ஸிலும் ஃபோனிலும் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

எந்த நாவல் அது? கதை என்ன?

பெயரை எழுதவில்லை. எழுதியவருக்கு இது முதல் நாவல். அவரை நடுவீதியில் நிறுத்திக் கேள்வி கேட்பது என் நோக்கமில்லை. கதையை மட்டும் சொல்கிறேன், வாசிக்காதவர்களுக்கும் விளங்கட்டும்.

1950களில் உப்புவெளிப் பக்கம் கடற்கரையோடு ஒரு பங்களா. அங்கே வீட்டு வேலைக்கு வந்த இளம்பெண்ணை முதலாளியின் மகன் ஆசை காட்டி ஏமாற்றுகிறான். அவள் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் ஓர் இரவில் வளவுக் கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள். "தண்ணி அள்ளப் போனவள் தவறி விழுந்திட்டாள்" என்று ஊர் பேசி முடிக்கிறது. நம் காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் அந்தப் பங்களாவை வாங்கி ஹோட்டலாக மாற்ற வருகிறது. தூர்ந்துபோன கிணற்றை இறைக்கிறார்கள், அவள் வெளியே வருகிறாள். பிறகு ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கடைசியில் ஒரு பூசாரி வந்து அவளை மரத்தில் ஆணியடித்துக் கட்டுகிறார். ஹோட்டல் திறப்பு விழாவோடு கதை முடிகிறது.

பயமே வரவில்லை. அதுதானே குறை?

எனக்கு முதல் சில அத்தியாயங்களில் நன்றாகவே பயம் வந்தது. ஆகவே என் மனவருத்தம் அதிலிருந்து வரவில்லை.

அவள் யாரைக் கொல்கிறாள் என்று பாருங்கள். முதலில் லொறி டிரைவர். அடுத்தது சமையற்கார அம்மா. அப்புறம் கந்தளாயிலிருந்து குழாய் பொருத்த வந்த பொடியன். அந்த அம்மாவின் கதை தனி, அதைக் கடைசியில் சொல்கிறேன். மற்ற இரண்டு பேரும் அவளுக்கு என்ன செய்தார்கள்? அந்தப் பொடியன் அவள் செத்து 40 வருடத்துக்குப் பிறகு பிறந்தவன். அவளைத் தள்ளியவனோ வெளிநாட்டில் பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்து, நல்ல கட்டிலில் படுத்துச் செத்துப்போனான் என்று ஒரே ஒரு வரி வருகிறது. அந்த வரியோடு அவன் கதையை விட்டே போய்விடுகிறான்.

பழிவாங்கும் பேய் என்றால் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. யார் செய்தது, யார் உடந்தை, யார் கண்ணால் பார்த்தும் வாயைப் பொத்திக்கொண்டது. கணக்குத் தீர்க்க வந்தவள் வழியில் போகிறவர்களை எல்லாம் அடித்தால் அதற்குப் பெயர் பழி இல்லை. எழுத்தாளருக்கு இருபது பக்கத்துக்கு ஒரு பிணம் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். செத்தவள் ஏழை வேலைக்காரப் பெண், சாகடிக்கப்படுகிறவர்களும் ஏழை வேலைக்காரர்கள். வாசித்து முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது இதற்காகத்தான்.

இன்னொன்று. அவளுடைய பெயர் நாவலில் 200 பக்கம் தாண்டித்தான் வருகிறது. அதுவரைக்கும் "அது", "அந்த உருவம்", "வெள்ளைச் சேலை". உயிரோடு இருந்தபோது அவளை யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், அவளுக்கு எந்த ஊர், ஊரில் தாய் இருந்தாளா, மாதச் சம்பளத்தில் யாருக்குக் காசு அனுப்பினாள், எதுவுமே இல்லை. அவளைத் தெரியாமல் அவளுக்காக நான் எப்படிப் பதறுவேன்?

பேய்க்கதையில் போய் இவ்வளவு நியாயம் தேடலாமா? பொழுதுபோக்குக்குத்தானே வாசிக்கிறோம்?

தேடலாம். நம் ஆட்கள் காலங்காலமாகத் தேடித்தான் வந்திருக்கிறார்கள். பழையனூர் நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். "நீலிக் கண்ணீர்" என்று இன்றும் வாயில் வருகிற பேச்சு அந்தக் கதையிலிருந்து வந்ததுதான், ஆனால் முழுக்கதை தெரிந்தவர்கள் இப்போது குறைவு. பல வடிவங்கள் உண்டு, பரவலாகச் சொல்வதைச் சொல்கிறேன்.

முற்பிறப்பில் ஒருவன் தன்னை நம்பி வந்த மனைவியைத் திருவாலங்காட்டுக் காட்டு வழியில் கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் ஒரு வணிகன். கையில் ஒரு மந்திரக் கத்தி இருக்கிறது, அது இருக்கும்வரை அவனை ஒன்றும் அண்டாது. அவள் பேயாக, மனைவி வேடத்தில், கள்ளிக் கொம்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறாள். அவன் பழையனூர் வேளாளர் 70 பேரிடம் அடைக்கலம் கேட்கிறான். அவளும் அதே சபையில் நின்று அழுகிறாள். என் புருஷன் என்னைக் கைவிடப் பார்க்கிறான், கையில் கத்தி வேறு வைத்திருக்கிறான், எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள். குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. சபை அவளை நம்புகிறது. கத்தியைக் கொடுத்துவிட்டு மனைவியோடு போய்த் தங்கு, உன் உயிருக்கு ஏதும் வந்தால் எங்கள் 70 பேர் உயிரும் பிணை என்று அவனுக்குச் சொல்கிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் செத்துக் கிடக்கிறான். கொடுத்த வாக்குக்காக அந்த 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இதில் பேய் எத்தனை தடவை பல்லைக் காட்டுகிறது? ஒருதரம்கூடத் தேவைப்படவில்லை. அவள் சபையில் நின்று பேசும் இடம்தான் குலை நடுங்க வைக்கிறது, ஏனென்றால் அவள் சொல்வதில் பாதி உண்மை. அவன் உண்மையிலேயே அவளைக் கொன்றவன்தான். கேட்பவர்கள் நல்லவர்கள். அந்த நல்ல மனமே அவர்களுக்கு எமனாகிறது. பொய் எது, நியாயம் எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாத இடத்தில் கதை நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்த வஞ்சத்தைத் தொட்டுச் செல்கிறார். நம் கோணமாமலையைப் பாடியதும் அதே சம்பந்தர்தான். அவ்வளவு பழைய கதைக்கே இத்தனை ஆழம் இருக்கும்போது, இன்று அச்சாகும் நாவலிடம் பாதியாவது எதிர்பார்ப்பது பேராசை இல்லை.

ஊர் விவரங்கள் பிழை என்று கூட்டத்தில் நீண்ட நேரம் பேசினீர்கள். கற்பனைக் கதைக்கு அது அவ்வளவு முக்கியமா?

பேய்க்கதைக்குத்தான் மற்றக் கதைகளைவிட முக்கியம். நம்ப முடியாத ஒன்றை வாசகர் நம்ப வேண்டும் என்றால், அதைச் சுற்றியிருக்கும் எல்லாம் சந்தேகமில்லாமல் நிற்க வேண்டும். கதவு, கிணறு, காற்று, சாப்பாடு எல்லாம் சரியாக இருந்தால், ஐந்தாவதாக வரும் பேயையும் மனம் பேசாமல் ஏற்றுக்கொள்ளும்.

நாவலின் உச்சக்கட்டம் ஜூலை மாதம். மூன்று நாள் விடாத அடைமழை, கொந்தளிக்கும் கடல், இடி மின்னல். திருகோணமலையில் ஜூலையில் அடைமழையா? நமக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஐப்பசி கார்த்திகையில் தொடங்கி மார்கழி, தை வரை கொட்டும், கடல் கலங்குவதும் அப்போதுதான். ஜூலையில் நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், புறாத்தீவுக்குப் படகுகள் வரிசையாக ஓடும். எழுதியவர் கொழும்பு மழையைத் தூக்கிக் கொண்டுவந்து இங்கே பெய்ய வைத்திருக்கிறார்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், கையிலிருந்ததை அவர் விட்டுவிட்டார். ஜூலையில் இங்கே வீசுவது கச்சான் காற்று. மேற்கே தரையெல்லாம் காய்ந்து, அந்த வெக்கையை அள்ளிக்கொண்டு வரும். இரவிலும் சுவர் சுடும். ஜன்னலைச் சாத்தினால் மூச்சு முட்டும், திறந்தால் புழுதி. பனையோலை விடிய விடியச் சரசரக்கும். தாழ்ப்பாள் போட்ட கதவுகூட நிலையோடு தட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தட்டல் காற்றா, ஆளா என்று படுத்துக்கிடப்பவருக்குச் சொல்ல முடியாது. கரண்டும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம். ஒரு துளி மழை இல்லாமல், ஒரு மின்னல் இல்லாமல், வறண்ட இரவிலேயே மனிதரை நடுங்க வைக்கலாம். இந்த ஊரில் ஒரு ஜூலை இரவு தங்கிப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

கிணறும் அப்படித்தான். மணல் கரையில் 80 அடி ஆழக் கிணறு என்று எழுதியிருக்கிறார். கடலோர மணலில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும், கீழே உப்புத் தண்ணீர். ஆழத் தோண்டினால் குடிக்க முடியாது. அதனால்தான் நம் கரையோரக் கிணறுகள் ஆழம் குறைந்தவை, எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். யோசித்துப் பாருங்கள், எது பயங்கரம்? அடி தெரியாத பாதாளமா, கையெட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தும் யாரும் கைகொடுக்காமல் ஒருத்தி மூழ்கிய கிணறா? சின்னக் கிணற்றில் சத்தம் போட்டால் வீட்டுக்குள் கேட்டே ஆக வேண்டும். அப்படியானால் வீட்டிலிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நாவலுக்கு வேண்டிய குற்றம் முழுவதும் அந்த ஒரு உண்மையில் இருந்தது.

பூசாரி பேசும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன் என்று சொன்னீர்களே, ஏன்?

பூசாரி சொல்வது இது: பிணம் எடுக்காமல், கிரியை செய்யாமல் போன உயிர் எல்லாம் பேயாகத்தான் அலையும், சொந்தக்காரரையே வந்து பிடிக்கும். கதைக்குள் ஒரு பூசாரிக்கு அப்படி நம்பிக்கை இருக்கலாம். ஆனால் நாவல் அதை மறுப்பாரே இல்லாமல், உண்மையாகவே நிறுவிவிட்டு நகர்கிறது.

இந்த வரியை இந்த ஊரில் யார் யார் வாசிப்பார்கள்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோனவர்களில் உடல் கிடைக்காதவர்கள் உண்டு. போர்க்காலத்தில் கூட்டிக்கொண்டு போகப்பட்டு இன்றுவரை திரும்பாதவர்கள் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017இலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் படங்களைப் பிடித்தபடி வீதியில் இருக்கிறார்கள். ஒரு தாய் மகனுக்கு அந்தியேட்டி செய்யவில்லை என்றால், அது அலட்சியத்தால் இல்லை. செய்தால் அவன் செத்துவிட்டான் என்று அவளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஆடி அமாவாசைக்கு ஊரெல்லாம் தகப்பனுக்குத் தீர்த்தமாடும்போது, போகவா வேண்டாமா என்று தெரியாமல் வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

இது நம் ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கன்னியா ஒன்றே போதும். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று சொல்லப்படும் அந்த ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு, இறந்தவர்களின் அந்தியேட்டிக்காக ஆட்கள் தலைமுறை தலைமுறையாகப் போயிருக்கிறார்கள். எட்டுச் செலவுக்குப் படைக்கும்போது பாருங்கள், செத்தவருக்குப் பிடித்த பொரித்த மீனும், அவித்த முட்டையும், பழக்கம் இருந்தால் ஒரு சுருட்டும் இலையில் இருக்கும். முருங்கைக்காய்க் கறி அப்பாவுக்குப் பிடிக்கும் என்று கடைசி நேரத்தில் ஒருவர் சந்தைக்கு ஓடுவார். இறந்தவரைப் பயத்தோடு விரட்டும் காரியமா அது? போகிறவருக்கு வயிறாரக் கொடுத்து அனுப்புகிறோம்.

இந்த மண்ணில் வைத்துக் கதை எழுதுகிறவர், "கிரியை இல்லையென்றால் உன் பிள்ளை பேய்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. நான் அன்று கூட்டத்தில் குரலை உயர்த்தியது இதற்காகத்தான், இப்போதும் அதையே சொல்வேன்.

அப்படியானால் போர் கண்ட ஊரில் பேய்க்கதையே எழுதக்கூடாதா?

எழுத வேண்டும். நீதி கிடைக்காத ஒருத்தி திரும்பி வந்து "என்னை என்ன செய்தீர்கள்?" என்று கேட்கிற கதை இந்த ஊரில் எழுதப்படாமல் வேறு எங்கே எழுதப்படும்? உயிரோடு இருப்பவர்கள் வாயைத் திறக்காத இடத்தில் செத்தவர் பேசுவதற்குத்தான் பேய்க்கதை இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். செத்தவரின் துன்பத்தை அலங்காரத்துக்கு எடுக்க வேண்டாம்.

நாவலில் வரும் மௌலவி அவளை ஜின் என்கிறாரே, அது சரியா?

கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள நண்பர்கள் இதைத்தான் முதலில் பிடித்தார்கள். இஸ்லாமிய நம்பிக்கையில் ஜின் என்பது செத்த மனிதரின் ஆவி கிடையாது. நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட வேறொரு படைப்பு அது. கிணற்றில் செத்த பெண்ணை ஒரு மௌலவி ஜின் என்று சொல்லி ஓதித் தண்ணீர் தெளிப்பதாக எழுதியது, எல்லாச் சமயத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டால் போதும் என்ற அவசரத்தில் வந்தது. பக்கத்து வீட்டில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள்.

முடிவு எனக்குப் பிடித்திருந்தது. பேயைக் கட்டினால்தானே கதை முடியும்?

உங்களுக்குப் பிடித்திருந்தால் நல்லது, அதில் சண்டையில்லை. எனக்கு ஏன் ஒட்டவில்லை என்று சொல்கிறேன். கொல்லப்பட்டவள் ஆணியில் அறையப்படுகிறாள், கொன்ற வீட்டில் ஹோட்டல் திறக்கப்படுகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். அவளுக்கு இரண்டாம் தடவையும் அதே கதி. அதை எழுத்தாளர் வேண்டுமென்றே செய்திருந்தால், வாசகருக்கு நெஞ்சு பதறும்படி எழுதியிருந்தால், அது பெரிய முடிவு. ஆனால் அவரும் கைதட்டுகிறவர்களோடு சேர்ந்து நிற்கிறார்.

பேயை அடக்குவதற்கு வேறு வழியும் உலகத்தில் தெரிந்துதான் இருந்தது. ஜப்பானில் சுகவரா நோ மிச்சிசானே என்ற அறிஞர் அரசவைச் சூழ்ச்சியால் 901இல் தூரதேசத்துக்கு அனுப்பப்பட்டு 903இல் அங்கேயே இறந்தார். அதற்குப் பிறகு அவரை வீழ்த்தியவர்கள் வரிசையாகச் செத்தார்கள், 930இல் அரண்மனை மண்டபத்தில் இடி விழுந்தது. அவருடைய ஆவியின் கோபம் என்று நம்பினார்கள். என்ன செய்தார்கள்? பறித்த பதவியைச் செத்தபிறகும் திருப்பிக் கொடுத்தார்கள், கோயில் கட்டினார்கள். இன்று அவர் கல்வித் தெய்வம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அவரிடம் போய் வேண்டுகிறார்கள்.

ரோமானியரான இளைய பிளினி ஏறக்குறைய 1900 வருடங்களுக்கு முன் ஒரு கடிதத்தில் எழுதிய கதையும் இதே வழிதான். ஏதென்ஸில் பேய் இருக்கிறது என்று யாரும் குடிவராத வீட்டை ஒரு தத்துவ ஞானி மலிவாக வாடகைக்கு எடுக்கிறார். நடுச்சாமத்தில் சங்கிலி இழுபடும் சத்தத்தோடு ஒரு கிழவன் வந்து வா என்று கை காட்டுகிறான். இவர் "பொறு" என்று கை காட்டிவிட்டு எழுதிக்கொண்டிருந்ததைத் தொடர்கிறார். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போகிறார், முற்றத்தில் ஓர் இடத்தில் உருவம் மறைகிறது. மறுநாள் தோண்டினால் சங்கிலி சுற்றிய எலும்புகள். முறைப்படி அடக்கம் செய்கிறார்கள், அத்தோடு வீடு அமைதியாகிறது.

நம் நாவலில் அவளுடைய எலும்பு கிணற்றுச் சேற்றோடு லொறியில் ஏற்றிக் கொட்டப்படுகிறது. யாரும் தேடவில்லை. நூறு பக்கம் கழித்தாவது யாராவது தேடுவார்கள் என்று கடைசிவரை காத்திருந்தேன்.

பாதியில் விட்டுவிட்டேன். முழுக்க வாசிக்க வேண்டுமா?

வேண்டாம். ஏழாம் அத்தியாயத்தை மட்டும் வாசியுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

ஓ.எல். படிக்கிற வயதுக்குக் கீழே வேண்டாம். பேய்க்காக இல்லை, அந்தப் பெண்ணுக்கு நடக்கும் கொடுமையை விவரிக்கும் நாலு பக்கம் தேவைக்கு மேலே போகிறது. பெரிய பிள்ளைகள் வாசித்தால் பிறகு அவர்களோடு இருந்து பேசுங்கள்.

பேயில் நம்பிக்கை இல்லாதவர் இந்த மாதிரிக் கதையை ரசிக்க முடியுமா?

நன்றாகவே முடியும். எங்கள் வட்டத்தில் பேய் முனி எதையும் நம்பாத ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். நாவலால் அதிகம் ஏமாந்தது அவர்தான். "பேய் வரட்டும், போகட்டும். தள்ளினவனை ஏன் ஒருத்தரும் கேட்கேல்லை?" என்றுதான் அவரும் கேட்டார். மணிமேகலையில் சார்ங்கலன் என்ற சிறுவன் தனியாகச் சுடுகாட்டுக்குள் போய், பேய் பிணத்தின் தலையை ஏந்தி ஆடுவதைக் கண்டு, வீட்டுக்கு ஓடிவந்து தாயிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். தாய் கோதமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் தா என்று சம்பாபதித் தெய்வத்திடம் கேட்கிறாள். அந்தச் சுடுகாட்டை நம்பாதவர்கூட அந்தத் தாயை நம்புவார்.

நானும் திருகோணமலையில் நடக்கிற பேய்க்கதை ஒன்று எழுத நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

இடத்தில் தொடங்க வேண்டாம். நமக்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. சீனக்குடாக் காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கும் வெள்ளைக்காரர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டுபோட்ட துறைமுகம், இரவில் டோர்ச் அடித்தால் கண்கள் மின்னும் கோட்டை மான்கள், சுவாமி மலையில் ஒல்லாந்தப் பெண் குதித்தாள் என்று சொல்லப்படும் இடம். எல்லாம் அழகுதான். ஆனால் இடத்திலிருந்து தொடங்கினால் சுற்றுலாக் கையேடு போலத்தான் வரும்.

வாயைத் திறக்காத ஓர் ஆளில் தொடங்குங்கள். வருடத்தில் ஒரு நாள் மட்டும் அந்தத் தெருவால் போகாமல் சுற்றிப் போகிறவர். ஒரு பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறவர். அவருக்கு என்ன தெரியும், ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் யார் பிழைத்திருப்பார் என்று நீங்கள் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பேயைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்பே உங்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

பேய் அடிக்கடி வரவும் தேவையில்லை. அந்த நாவலில் அத்தியாயத்துக்கு ஒருமுறை வந்து வந்து, பாதிக்குப் பிறகு அவள் வாசலில் நின்றாலும் நமக்கு ஒன்றும் செய்யவில்லை. அவளால் என்ன முடியும், என்ன முடியாது என்பதும் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. ஓரிடத்தில் கோயில் மணிக்கு ஓடுகிறாள், இன்னோரிடத்தில் பத்திரகாளி அம்மன் தேர் போகும் வீதியிலேயே ஆளை அடிக்கிறாள். எதற்கும் கட்டுப்படாத பேயிடம் வாசகர் தப்பிக்க வழி தேட மாட்டார், வழி தேடாதவருக்குப் பதற்றமும் வராது.

இவ்வளவு குறை சொல்கிறீர்கள். அவருடைய அடுத்த நாவலை வாங்குவீர்களா?

வாங்குவேன். காரணம் அந்த ஏழாம் அத்தியாயம்.

எழுபத்தைந்து வயது தாண்டிய சமையற்கார அம்மா பின்கட்டில் குந்தியிருந்து சூடை மீன் வெட்டுகிறார். சின்னச் சின்ன மீன், தலையைக் கிள்ளி, குடலை விரலால் தள்ளி, சட்டிக்குள் போடுகிறார். பின்னால் கிணற்றடியில் கப்பி கிறீச்சிடுகிறது. அந்தக் கிணற்றில் கப்பியே இல்லாமல் எத்தனையோ வருடம். வாளி தண்ணீரில் படும் சத்தம், பிறகு நிறைந்து மேலே வரும் சத்தம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மீனை வெட்டிக்கொண்டே, "வாளியை வைச்சிட்டுப் போ பிள்ளை. நான் அள்ளுறன்" என்கிறார். சத்தம் நின்றுவிடுகிறது. அவர் மிச்ச மீனையும் வெட்டி முடிக்கிறார், கை மட்டும் நடுங்குகிறது.

அந்த அம்மா 1950களில் அதே பங்களாவில் வேலைக்காரியின் மகளாக, எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தவர். தள்ளியதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். யாரிடமும் சொல்லவில்லை. அன்று சொல்ல முடியாத வயது, பிறகு சொல்லப் பயம், அதற்குப் பிறகு சொல்லி என்ன என்ற எண்ணம். நாவல் முழுவதும் அந்த இரண்டு பெண்களுக்கும் இடையில் நடந்திருக்க வேண்டும். எழுத்தாளர் எட்டாம் அத்தியாயத்திலேயே கூரை ஓடு விழுந்து அவரைச் சாக விட்டுவிட்டார்.

ஆனாலும் அந்த மூன்று பக்கத்தை எழுதத் தெரிந்தவருக்கு மிச்சமும் எழுத வரும். அடுத்த புத்தகம் வந்தால் ஒரு பிரதி எடுத்துவைக்கும்படி கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.